ஒன்பது பேர், மூன்று இடம்

“நல்லா வேலை பாரு, அவங்களே எடுத்துப்பாங்க.” இன்டர்ன்ஷிப்புக்குக் கிளம்பும் எந்தப் பிள்ளையையும் இந்த ஒரு வரியைச் சொல்லித்தான் அனுப்பி வைக்கிறோம். கல்லூரி பிளேஸ்மென்ட் ஆபீசர் சொல்வார், சீனியர் அண்ணன் சொல்வார், லிங்க்ட்இன்னில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அதைச் சொல்ல உரிமை இருந்ததாகவே நினைத்தேன். இன்டர்னாகப் போன அதே தொழிற்சாலையில் ஜிஇடி எனப்படும் கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னியாகச் சேர்ந்து, இன்று அங்கேயே உதவி மேலாளராக இருப்பவன். ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் போன் செய்து கேட்டால், என் கதையைச் சொல்லி இந்த வரியில் கொண்டுபோய் முடிப்பேன். 2025 மே மாதத்துக்குப் பிறகு அப்படி முடிக்க வாய் வரவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் கதை. 2018 ஜனவரி, எட்டாவது செமஸ்டர். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். காலையில் பெருங்களத்தூரில் கம்பெனி பஸ். இன்டர்ன்களுக்குப் பின் சீட்டுதான், அதுவும் எல்லாரும் ஏறிய பிறகு. உதவித்தொகை மாதம் எட்டாயிரம். எங்கள் ஊரில், விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில், இன்டர்ன்ஷிப் என்றால் யாருக்கும் விளங்காது. “வேலையா?” “இல்ல.” “படிப்பா?” “அதுவும் இல்ல.” அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் ஒரே கேள்விதான் கேட்பார்: “லெட்டர் குடுத்துட்டாங்களா?” எனக்கு எரிச்சலாக வரும். யோசித்தால், இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். அதை நான் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவே இல்லை.

எனக்குக் கிடைத்தது ஒரு திங்கட்கிழமை. விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் மெஷினிங் லைனில் ஒரு அலுமினிய ஹவுசிங்குக்கு உள்ளே படி வெட்டுவார்கள். அந்தப் படியின் ஆழத்துக்கு டிராயிங்கில் கூடுதலாகவும் குறைவாகவும் 20 மைக்ரான்தான் அனுமதி. வாரம் முழுக்க ஒழுங்காக வரும் பீஸ், திங்கட்கிழமை முதல் ஷிஃப்டில் மட்டும் கழிந்துகொண்டே இருக்கும். “இது ஏன்னு பாரு” என்று சொல்லிவிட்டு என் கைடு அவர் மீட்டிங்குக்குப் போய்விட்டார். காரணம் அந்த மெஷினை ஓட்டிய அண்ணனுக்கு ஏற்கெனவே தெரியும். “மெஷின் இன்னும் தூக்கத்துல இருக்கு தம்பி” என்றார், ஏர் கேஜைத் துடைத்துக்கொண்டே. ஞாயிறு முழுக்க நிற்கிற மெஷினில், டூலைப் பிடித்துச் சுற்றும் தண்டான ஸ்பிண்டில் குளிர்ந்து லேசாகச் சுருங்கியிருக்கும். சனிக்கிழமைச் சூட்டில் போட்ட ஆஃப்செட்டோடு, அதாவது அளவுத் திருத்தத்தோடு, திங்கள் காலை ஓட்டினால் ஆழம் பற்றாது. ஆபரேட்டர் அளந்து பார்த்து ஆஃப்செட்டைத் திருத்துவார். அவர் திருத்தும் நேரத்தில் ஸ்பிண்டில் சூடேறி நீள ஆரம்பித்திருக்கும். இப்போது ஆழம் கூடிவிடும். ஆழம் குறைந்த பீஸைத் திரும்ப ஏற்றி வெட்டிச் சரிசெய்துவிடலாம். கூடிப்போனால் கழிவுத் தொட்டிதான். தெரிந்த இந்த விஷயத்தைத் தாளில் யாரும் எழுதியதில்லை. நான் செய்தது அதைத்தான். அரை மணிக்கு ஒரு பீஸ் அளந்து கிராஃப் போட்டேன். பீஸ் இல்லாமல் ஸ்பிண்டிலை மட்டும் 20 நிமிடம் சுற்றவிடும் ஒரு புரோகிராமை அந்த அண்ணனும் நானும் உட்கார்ந்து எழுதினோம். கஷ்டமான பகுதி அதற்கு அப்புறம்தான் வந்தது: ஷிஃப்ட் ஆரம்பிக்குமுன் வந்து அந்த ஸ்விட்சை யார் போடுவது? மெயின்டனன்ஸில் முதல் பஸ்ஸில் வரும் ஒரு ஃபிட்டரிடம் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துப் பேசிப் பேசித்தான் அது நடந்தது.

மே மாதம் ரிவ்யூ. மானேஜர் தலையாட்டினார். ஜூன் முதல் வாரம் லெட்டர் வந்தது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஆங்கிலத்திலேயே படிக்கச் சொன்னார். நல்லா வேலை பார்த்தான், எடுத்துக்கொண்டார்கள். கதை அவ்வளவுதான் என்று ஏழு வருஷம் நம்பினேன்.

மறுபடியும் புது ஆள்

இன்டர்னிலிருந்து டிரெய்னி ஆவது ஒரு படி மேலே ஏறுவது என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். ஜூலையில் போய் நின்றபோது என்னை மறுபடி கேட்டில் உட்கார வைத்தார்கள். அதே பாதுகாப்பு வீடியோ. கலர் பிளைண்ட்னஸ் புத்தகத்தைப் புரட்டும் அதே டாக்டர். பத்தாவது, பன்னிரண்டாவது, பி.இ. எல்லாவற்றிலும் 60 சதவீதம் இருக்கிறதா என்று மார்க் ஷீட்டை மறுபடி பார்த்தார்கள். அரியர் ஏதும் பாக்கி இல்லை என்று எழுதி வாங்கினார்கள். ஐந்து மாதம் இதே ஷெட்டில் நடமாடியவன் என்பது அந்த ஹெச்.ஆர். அறையில் யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. ஐடி கார்டு கயிறு மட்டும் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறியது. மெஷின் அண்ணன் முதல் நாள் “வாங்க சார்” என்றார். வேண்டாம்ணே என்றேன். சிரித்தார், ஆனாலும் பழையபடி தம்பி என்று கூப்பிட அவருக்கு ரொம்ப நாளாயிற்று.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி வெளியில் நல்லபடியாகத்தான் பேசுவார்கள். ரொட்டேஷன், எல்லா டிபார்ட்மென்ட்டையும் பார்க்கலாம், முழு கம்பெனியும் புரியும் என்பார்கள். பொய்யில்லை. பர்ச்சேஸில் உட்கார்ந்தால்தான், வாங்குகிற ஒவ்வொரு டூல் இன்ஸர்ட்டுக்கும் பின்னால் எவ்வளவு பேரம் இருக்கிறது என்று தெரியும். உற்பத்தியைத் திட்டமிடும் பிபிசி பிரிவில் உட்கார்ந்தால்தான், மாதக் கடைசியில் புரொடக்‌ஷன் ஆட்கள் ஏன் அப்படிக் கத்துகிறார்கள் என்று விளங்கும். ஆனால் இரண்டு மாதத்தில் கிளம்பிவிடப் போகிறவனிடம் யாரும் உருப்படியான வேலையைத் தர மாட்டார்கள். “வந்துட்டுப் போற ஆளு” என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், கோபமில்லாமல். கொட்டேஷன் ஃபைல் பண்ணு, எக்ஸெலில் ஃபார்முலா போட்டுக் கொடு, மீட்டிங்குக்குக் குறிப்பெடு. வாரக் கடைசியில் லாக் புக்கில் கையெழுத்து. இன்டர்னாக இருந்தபோது என்னிடம் ஒரு பிரச்சினை இருந்தது, அது என்னுடையது. டிரெய்னியான பிறகு சம்பளம் இருந்தது, பி.எஃப். இருந்தது, என்னுடையது என்று சொல்ல ஒன்றும் இல்லை. என்னோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் இதனாலேயே ஐ.டி. பக்கம் போய்விட்டார்கள். சம்பளத்துக்காகப் போனார்கள் என்றுதான் எக்ஸிட் ஃபார்மில் இருக்கும்.

ஒரு வருஷம் முடிந்து கன்ஃபர்மேஷன் வந்தபோது நான் கேட்டு வாங்கிக்கொண்டு போனது அதே மெஷினிங் லைனுக்குத்தான்.

மேஜைக்கு இந்தப் பக்கம்

இப்போது 2025 மே. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எட்டாவது செமஸ்டரில் புராஜெக்ட்டுக்குப் பதில் இன்டர்ன்ஷிப்பாகவே இருந்துவிட வழியுண்டு. அதனால் ஜனவரியில் நிறையப் பேர் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அந்த வருஷம் எங்களிடம் ஒன்பது பேர். கடைசி ரிவ்யூவில் என்னையும் உட்காரச் சொன்னார்கள். பிளான்ட் ஹெட், குவாலிட்டி மேலாளர், ஹெச்.ஆர். மேடம், நான். பிள்ளைகளை உள்ளே கூப்பிடுமுன் மேடம் லேப்டாப்பை ஸ்கிரீனில் போட்டார். எக்ஸெல் ஷீட். ஒன்பது பெயரையும் நான் தேடினேன். அவை கீழே இருந்தன. மேலே, மஞ்சள் கலர் கட்டத்தில், 3 என்று இருந்தது. இந்த வருஷம் நிறுவனம் அனுமதித்திருக்கும் டிரெய்னி இடங்கள். அந்த மூன்று எப்போது முடிவானது என்று சும்மா கேட்டேன். “போன நவம்பர்ல, பட்ஜெட்டோடவே” என்றார் மேடம். இந்தப் பிள்ளைகளில் ஒருவரும் அப்போது கேட்டுக்குள் காலடி வைத்திருக்கவில்லை.

நாலாவதாக வந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலைப் பக்கத்துக் கல்லூரி. அவருக்குக் கொடுத்திருந்த பிரச்சினை, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் வந்து விழும் நசுங்கல்கள். மெஷினிங் முடிந்து நன்றாக இருக்கும் பீஸ், பேக்கிங்குக்குப் போவதற்குள் ஓரத்தில் ஒரு சின்ன அடி வாங்கியிருக்கும். நாங்கள் எல்லாரும் ரொம்பக் காலமாக ஒரே காரணம்தான் வைத்திருந்தோம்: கான்ட்ராக்ட் ஆட்கள் கவனமாகக் கையாள்வதில்லை. அதற்காக மாதாமாதம் அவர்களை நிற்கவைத்து வகுப்பெடுப்போம். இந்தப் பெண் யாருக்கும் வகுப்பெடுக்கவில்லை. டிராலி கூடவே நடந்திருக்கிறார், ஷிஃப்ட் ஷிஃப்டாக. பழைய ஷெட்டும் புது ஷெட்டும் சேருமிடத்தில் தரையில் ஒரு இடைவெளி உண்டு. விரல் அகலம் இருக்கும். பாரம் ஏற்றிய டிராலி அதைத் தாண்டும்போது சின்னச் சக்கரம் உள்ளே இறங்கி ஏறுகிறது. அந்த ஒரு குலுக்கலில் தட்டின் ஓரத்து வரிசைப் பீஸ்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஓரத்து வரிசைக்கு மட்டும் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து, அடிபட்டதெல்லாம் அந்த வரிசைதான் என்று காட்டினார். தீர்வு, இடைவெளிமேல் ஒரு இரும்புத் தகடு. வெல்டரிடம் கேட்டுப் போட்டும்விட்டார். பிளான்ட் ஹெட் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, “இது எப்படிம்மா கண்ணுல பட்டுச்சு?” என்றார். “சத்தம் கேட்டுச்சு சார். அந்த இடத்துல மட்டும் ஒரு சத்தம்.” நாங்கள் வருஷக்கணக்காக அந்த இடத்தைக் கடந்து கேன்டீனுக்குப் போகிறவர்கள்.

எல்லாரையும் பார்த்து முடித்து மார்க் போட்டோம். அந்தப் பெண் இரண்டாவது. என்னைக் கேட்டால் முதலாவது. மூன்று பெயரை பிளான்ட் ஹெட் சொல்லச் சொல்ல மேடம் டைப் செய்துகொண்டே வந்தவர், இந்தப் பெயரில் நிறுத்தினார். “சார், இந்த காலேஜ் நம்ம கேம்பஸ் லிஸ்ட்ல இல்ல.” அதனால் என்ன என்று குவாலிட்டி மேலாளர் கேட்டார். லிஸ்ட்டில் இருக்கும் கல்லூரிகளுக்கு மட்டும்தான் டிரெய்னியாகச் சேர்ப்பதற்கான கோட் எண் திறக்கும், புதிதாகச் சேர்க்க ஹெட் ஆபீஸ் அனுமதி வேண்டும், அது இந்த வருஷத்துக்கு முடிந்துவிட்டது. இன்டர்ன் எடுக்க அந்த லிஸ்ட் தேவையில்லை. அதைத் தொழிற்சாலை மட்டத்திலேயே முடிவுசெய்யலாம். ஆக, அந்தப் பெண்ணுக்கு இங்கே இடம் ஜனவரி முதல் தேதியிலிருந்தே கிடையாது. ஐந்து மாதம் டிராலி கூட நடந்தது, புள்ளி வைத்தது, வெல்டரிடம் கெஞ்சியது எதுவும் அதைத் தொட்டிருக்கவே முடியாது. அவருக்கு அது தெரியாது. எங்களுக்கும் தெரியாது. மேடத்துக்குத் தெரியும், ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் நாலாவது இடத்தில் இருந்த பையன் மூன்றாவது ஆனான். நல்ல பையன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவரைக் கூப்பிட்டுச் சொல்லும்போது பிளான்ட் ஹெட் தன்னால் முடிந்ததைச் செய்தார், அரசின் அப்ரண்டிஸ் திட்டமான நேட்ஸைக் காட்டினார். “நேட்ஸ்ல ஒரு வருஷம் அப்ரண்டிஸா இரும்மா, இங்கயே இருக்கலாம்.” அந்தப் பெண் நிதானமாகக் கேட்டார்: “முடிச்சா ஜிஇடி கிடைக்குமா சார்?” மேஜையில் நாலு பேர் இருந்தோம். பிளான்ட் ஹெட்தான் பதில் சொன்னார்: “பார்க்கலாம்மா.”

வீட்டுக்கு வந்த பிறகு என் லெட்டரைப் பற்றி யோசித்தேன். மறுநாள் என் பழைய கைடுக்குப் போன் செய்தேன்; அவர் இப்போது புனேயில் இருக்கிறார். 2018-இல் எத்தனை இடம் இருந்தது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை மனிதர். “அந்த வருஷமா? பி.எஸ்.6 லைன் வருதுன்னு அள்ளிப் போட்டோம்ல. வந்த இன்டர்ன் அஞ்சு பேரையும் எடுத்தோம். உங்க காலேஜும் லிஸ்ட்ல இருந்துச்சு.” பி.எஸ். என்பது வண்டிப் புகைக்கான அரசு விதி; பி.எஸ்.5-ஐ விட்டுவிட்டு 2020 ஏப்ரலிலிருந்து நேராக பி.எஸ்.6 என்று அரசு 2016-லேயே சொல்லிவிட்டது. 2018-இல் உதிரிபாகக் கம்பெனிகள் எல்லாம் அதற்காக லைன் போட்டுக்கொண்டிருந்தன, ஆள் தேவைப்பட்டது. அடுத்த வருஷமே வண்டி விற்பனை படுத்தது. 2019-இல் சென்னையைச் சுற்றியுள்ள கார், லாரி ஆலைகளே உற்பத்தி இல்லா நாட்கள் அறிவித்தன. அந்த வருஷம் என் கல்லூரியிலிருந்தே எங்களிடம் வந்த ஜூனியர் மூன்று பேரில் ஒருவருக்கும் லெட்டர் வரவில்லை. அதில் ஒருவன் என்னைவிடக் கெட்டிக்காரன் என்று அப்போதே எனக்குத் தெரியும். அவனிடமும் நான் சொன்னது, “இன்னும் கொஞ்சம் நல்லா பிரசென்ட் பண்ணியிருக்கலாம்டா.”

எந்த வாசல்

ஒரே டிகிரியோடு எங்கள் கேட்டில் நுழைகிறவர்களுக்கு எத்தனை வாசல் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கல்லூரி இன்டர்ன் ஒரு வாசல். ஜிஇடி ஒரு வாசல். கான்ட்ராக்டர் மூலம் வருகிறவர் ஒரு வாசல். நேட்ஸ் என்கிற தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம் இன்னொன்று. தரமணியில் இருக்கும் தென்மண்டல வாரியம்தான் முடிவில் அதற்குச் சான்றிதழ் தரும். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தில் 1973-இல்தான் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் சேர்த்தார்கள். 2019 திருத்தத்தின்படி பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய். அந்தக் குறைந்தபட்சத்தில் பாதி, 4,500, மத்திய அரசு கொடுத்தது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்கள் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். எல்லாம் நல்லதுதான். ஆனால் அதே சட்டத்தின் 18-ஆவது பிரிவு அப்ரண்டிஸ் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுகிறவர் மட்டுமே என்கிறது. 22-ஆவது பிரிவின்படி, பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கடமை நிறுவனத்துக்கு இல்லை. யாரை எப்படி எடுப்பது என்பதற்கு அதுவே ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். “பார்க்கலாம்மா” என்பதைச் சட்ட மொழியில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

2024 பட்ஜெட்டில் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமும் இதே வரிசைதான். ஐந்து வருஷத்தில் ஒரு கோடிப் பேர், முன்னணி 500 நிறுவனங்கள், மாதம் 5,000 ரூபாய். வாசல்களைக் கூட்டிக்கொண்டே போகிறோம். ஒரு வாசலிலிருந்து அடுத்ததற்குப் போக உள்ளே வழி இருக்கிறதா என்பதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. எங்கள் தொழிற்சாலையில் இல்லை. நேட்ஸ் முடித்து ஜிஇடி ஆனவர் என்று நான் அறிந்து ஒருவர்கூட இல்லை. முடித்தவர்களில் கெட்டிக்காரர்களை ஏதாவது கான்ட்ராக்டர் மூலம் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வோம். இதை எழுதும்போது எனக்கே நன்றாக இல்லை.

இந்த இடத்தில் யாராவது, “அப்போ வேலை நல்லா பார்க்கிறதுக்கு மதிப்பே இல்லையா?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. இடம் இருந்து, கல்லூரியும் லிஸ்ட்டில் இருந்தால், அதற்கு மேல் முடிவுசெய்வது வேலைதான். அதிலும் நாங்கள் பார்ப்பது ஸ்லைடை இல்லை. மூன்று ரிவ்யூவில் உட்கார்ந்ததில் எனக்குப் புரிந்த ஒன்று: ஆபரேட்டர்கள் பெயர் சொல்லிப் பேசுகிற இன்டர்ன் எப்போதும் முன்னால் இருப்பார். கைடு என்று ஒருவர் ரிவ்யூ அறைக்கு வந்து நமக்காக இரண்டு வார்த்தை பேசுவாரா என்பதும் முக்கியம். பிஸியான கைடிடம் மாட்டிக்கொண்ட பிள்ளை பாவம்தான். ஆகவே திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது எந்த இடத்தில் வேலை செய்கிறது, எந்த இடத்தில் செய்யாது என்பதைச் சொல்லாமலே அனுப்புகிறோமே, அதுதான் உறுத்துகிறது. கிடைக்காத பிள்ளை தன்னைத்தானே திட்டிக்கொள்கிறது. கிடைத்தவன் ஏழு வருஷம் தன்னைப் பற்றி உயர்வாக நினைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறான்.

இதில் காலக்கணக்கு வேறு ஒரு கொடுமை. பிளேஸ்மென்ட் சீசன் ஏழாவது செமஸ்டரிலேயே தொடங்கி, மார்ச்சுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆறாவது செமஸ்டர் முடிந்த கோடையில் இன்டர்ன்ஷிப் போனவனுக்கு, பிபிஓ, அதாவது பிளேஸ்மென்ட்டுக்கு முன்பே தரும் வேலை ஆஃபர், வருமா வராதா என்று சீசன் தொடங்குமுன்பே தெரிந்துவிடும். எட்டாவது செமஸ்டரில் போகிறவனுக்கு பதில் மே மாதம்தான். அதற்குள் கடை மூடியிருக்கும். நிறையக் கல்லூரிகளில் ஒருவருக்கு ஒரு ஆஃபர்தான். கையில் ஒரு ஐ.டி. ஆஃபரை வாங்கி வைத்துவிட்டால் அப்புறம் படித்த துறையின் கோர் கம்பெனி வந்தாலும் உட்கார முடியாது. வாங்காமல் இருந்தால் இன்டர்ன்ஷிப்பை நம்பித்தான் இருக்க வேண்டும். சரி, ஐ.டி. லெட்டராவது உறுதியா என்றால், 2022-இல் தேர்வானவர்களில் பலரை இன்ஃபோசிஸ் 2024 வரை காக்க வைத்ததும், 2025 பிப்ரவரியில் மைசூர் பயிற்சி வளாகத்திலிருந்து தேர்வில் தேறாத 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை அனுப்பியதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். இப்படி ஒரு சந்தையில் இருபத்தொரு வயதுப் பிள்ளை ஐந்து மாதத்தை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அதற்குத் தேவையான தகவல் ஒரே ஒரு எக்ஸெல் கட்டத்தில், மஞ்சள் கலரில், நவம்பரிலிருந்தே இருக்கிறது.

சொல்லிவிட்டால் என்ன

ஜூன் மாதம் இதை ஹெச்.ஆர். மேடத்திடம் பேசினேன். இன்டர்ன்கள் வரும் முதல் வாரத்திலேயே மூன்று விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றேன்: இந்த வருஷம் எத்தனை இடம், உங்கள் கல்லூரி லிஸ்ட்டில் இருக்கிறதா, பதில் எந்த மாதம். மேடம் கெட்டவர் இல்லை. அந்தப் பெண் விஷயத்தில் ஹெட் ஆபீசுக்கு இரண்டு முறை மெயில் போட்டவர் அவர்தான். எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. “இடம் இல்லேன்னு முதல் வாரமே சொன்னா எவன் வேலை பார்ப்பான்?” என்றார். அப்புறம், நம்பர் வெளியே போனால் கல்லூரிகள் சண்டைக்கு வரும், அடுத்த வருஷம் நல்ல பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். அவர் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒளித்து வைத்துத்தான் ஒருவனை வேலை பார்க்க வைக்க முடியும் என்றால், அந்த வேலைக்கு எட்டாயிரம் போதாது. இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல; ஒரு வாரம் எனக்கு கேன்டீனில் தனி டீதான்.

கடைசியில் பிளான்ட் ஹெட் நடுவில் வந்து, மெஷினிங் டிபார்ட்மென்ட்டில் மட்டும் செய்து பார் என்றார், எழுத்தில் எதுவும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு. 2026 ஜனவரியில் என்னிடம் இரண்டு பேர் வந்தார்கள். சேர்ந்த நாலாம் நாள் கேன்டீனில் உட்காரவைத்துச் சொன்னேன். மெஷினிங்கில் இந்த வருஷம் ஒரு இடம், அதுவும் நிச்சயமில்லை. ஒருவன் கல்லூரி லிஸ்ட்டில் இருக்கிறது, இன்னொருவனுடையது இல்லை. இல்லாதவன் கொஞ்ச நேரம் சாம்பார் சாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், “சார், அப்போ பிளேஸ்மென்ட் டிரைவ் இருக்கிற நாளெல்லாம் லீவு கிடைக்குமா?” என்று கேட்டான். கிடைக்கும் என்றேன். பிப்ரவரியில் இரண்டு டிரைவுக்குப் போய்விட்டு வந்தான். போகாத நாளெல்லாம் மெஷின் பக்கத்திலேயே கிடந்தான். டூல் லைஃப் கணக்கில் நாங்கள் ஏமாந்துகொண்டிருந்த ஒரு இடத்தை அவன்தான் கண்டுபிடித்தான். மேடத்திடம் இதைச் சொன்னேன். “ஒருத்தனை வச்சு முடிவு பண்ணாதீங்க” என்றார். அதுவும் சரிதான்.

அந்தத் திருவண்ணாமலைப் பெண் அப்ரண்டிஸுக்கு வரவில்லை. திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் குவாலிட்டியில் சேர்ந்துவிட்டார். எங்கள் ஜிஇடி சம்பளத்தைவிடக் குறைவு, அப்ரண்டிஸ் உதவித்தொகையைவிட அதிகம், முதல் நாளே நிரந்தர வேலை. எங்களுக்கு புஷ் என்ற உதிரிபாகத்தை சப்ளை செய்கிற யூனிட் அது. வரும் மாதம் அங்கே ஆடிட். போகிற குழுவில் என் பெயரும் இருக்கிறது.